காணாமல் போனவர் கொட்டகையில் என் மகள்

1

இன்று காலை எங்கள் தெருமுனைக் கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஏணியில் நின்றவர் கம்பியை முறுக்கிவிட்டுக் கீழே இருந்தவருக்குக் கை காட்ட, குழாய்க்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு கரகரப்பு வந்தது. அவ்வளவுதான். அரிசி களைந்துகொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன்.

உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த என் மகள் வசந்தா, "அம்மா, அது சும்மா டெஸ்டிங். போய் உலையப் பாரு," என்றாள்.

வசந்தாவுக்குக் கண் தெரியாது. நான் வாசலுக்கு ஓடியதைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் ஓராண்டாக மைக் சத்தம் கேட்டால் நான் என்ன செய்வேன் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

நாளை ஆடி ஞாயிறு. எங்கள் அல்சூர் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாள். ஊரில் இருக்கும் உங்களுக்கு ஆடி என்றால் காற்றும் புழுதியும். பெங்களூரில் ஆடி என்றால் தூறல். விடாமல் தூறும், ஆனால் நனைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளாது. கூழ் அண்டாவுக்கு மேல் தகரம் போட்டுக்கொண்டுதான் நாங்கள் அம்மனைக் கும்பிடுகிறோம். குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வந்தவர்கள் அங்கே விட்டுவந்ததை எல்லாம் இங்கே திரும்பக் கட்டிக்கொண்டார்கள். வெயிலை மட்டும் கொண்டுவர முடியவில்லை.

சென்ற ஆண்டு இதே விழாவில், இதே ஒலிபெருக்கியில் என் மகளின் பெயரைக் கேட்டேன். அதைப் பற்றி எழுதவேண்டும் என்று பல முறை உட்கார்ந்து, எழுத முடியாமல் எழுந்திருக்கிறேன். கம்பத்தில் மறுபடி குழாயைக் கட்டிவிட்டார்கள். இனி எழுதாமல் இருந்தால் நாளைக்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

2

சுதந்திரம் வந்த மறு ஆண்டு நாங்கள் இங்கே வந்தோம். என் கணவருக்குத் தொழிற்சாலையில் கடைசல் வேலை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்ததால் தண்டு என்று சொல்லும் கண்டோன்மெண்ட் பகுதியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் இடம் கிடைத்தது. வந்த ஆண்டே ஐந்து வயது வசந்தாவுக்கு அம்மை போட்டது. முத்து இறங்கியது, பார்வை திரும்பவில்லை. "அம்மன் உயிரைக் கொடுத்துக் கண்ணை எடுத்துக்கிட்டா," என்று என் மாமியார் எழுதிய கடிதத்தை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

ஏழு வயதில் அவளை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். இங்கேதான் ஊரைவிட்டு வந்ததன் விலை எனக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளியில் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து உண்டு. ஆனால் அது கன்னடத்தில்தான் உண்டு. நாற்பது பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும் தமிழ் டீச்சரின் மகள் தமிழ் படிக்கவில்லை. விடுமுறைக்கு வரும்போது தடித்த காகிதத்தில் குத்திய கதைகளைக் கொண்டுவருவாள். இரவு விளக்கை அணைத்த பிறகும் படித்துக்கொண்டிருப்பாள். எனக்கு விளக்கு இருந்தும் அவள் என்ன படிக்கிறாள் என்று தெரியாது.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். இங்குள்ள அலுவலகத்தில், நீங்கள் வட ஆற்காட்டுக்காரர், சென்னைக்கு எழுதுங்கள் என்றார்கள். சென்னையிலிருந்து, நீங்கள் வசிப்பது மைசூர் ராஜ்யத்தில், அங்கேயே கேளுங்கள் என்று பதில் வந்தது. கடைசியில் கிடைத்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் டாக்டரிடம் போய், இந்த ஆண்டும் இவளுக்குக் கண் தெரியவில்லை என்று எழுதி வாங்கவேண்டும். "போன வருஷம் தெரியல, இந்த வருஷம் தெரிஞ்சிடுச்சான்னு பாக்கறாங்கம்மா. நல்ல எண்ணம்தான்," என்பாள் வசந்தா.

அவள் தம்பி சேகர் கண்ணிருந்தும் அதே கன்னடப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறான். குடியாத்தத்தில் சித்தி வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு "ஆயித்து" என்றான். பந்தியே சிரித்தது. அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் ரயிலில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை.

3

எங்கள் பகுதியில் ஒரு தமிழர் சங்கம் உண்டு. கூழ் வார்ப்பது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது எல்லாம் சங்கத் தொண்டர்கள். இடது தோளில் மஞ்சள் துண்டு போட்டிருப்பார்கள். விழா நாள் மாலையில் மேடை போட்டு, கண் தெரியாதவர்கள், கை கால் விளங்காதவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்துப் புடவை வேட்டி கொடுப்பார்கள். செயலாளர் துரைசாமி நல்ல மனிதர். மேடைக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்கு அவரே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். வசந்தாவுக்கும் பள்ளி முடித்து வந்ததிலிருந்து ஆண்டுதோறும் ஒரு புடவை. பெயரைக் கூப்பிட்டதும் நான் அவள் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போவேன். கூட்டம் "ஐயோ பாவம்" என்று ஒரே குரலில் மூச்சு விடும். அந்த மூச்சு பிடரியில் படும் என்பாள் வசந்தா.

சென்ற ஆண்டு ஆடி பிறந்ததும் துரைசாமி வழக்கம்போலப் பெயர் எழுத வந்தார். நான் காப்பி கொடுத்தேன். வசந்தா உள்ளிருந்து சுவரைத் தொட்டபடி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, இந்த வருஷம் எனக்குப் பொடவ வேணாம். வேலை குடுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "கூட்டம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதும்மா. அன்னிக்கு எங்களுக்கே கண்ணு மண்ணு தெரியாது."

"அப்ப நாம எல்லாரும் ஒண்ணுதானே மாமா."

அவருக்குப் புரை ஏறிவிட்டது. துடைத்துக்கொண்டு, மெதுவாக, உனக்குத் தொண்டு செய்வதற்குத்தானே சங்கமே இருக்கிறது என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். வசந்தா அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு சொன்னாள்:

"நீங்க எல்லாரும் எனக்குச் செய்யறீங்க. நான் யாருக்குச் செய்யறது?"

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு அதுதான் வாயில் இருந்தது. ஆனால் வந்தது, "மழை வரும்," என்பது மட்டும்.

அவர் யோசித்து ஒரு வேலை கண்டுபிடித்தார். கோயிலுக்கு எதிரே ஒரு கொட்டகை போடுவார்கள். கூட்டத்தில் கைவிட்டுப் போன குழந்தைகளை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்து, மைக்கில் அறிவிப்பார்கள். அந்தக் குழந்தைகளோடு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து நடக்க வேண்டியதில்லை. கூழ் அண்டா பக்கம் போக வேண்டியதில்லை. அவளுக்கு வேலை கொடுத்தது போலவும் ஆயிற்று, அவளை ஓரமாக உட்கார வைத்தது போலவும் ஆயிற்று.

மறுநாள் மஞ்சள் துண்டு வந்தது. அதைத் தடவி, மூலையில் இருந்த சங்க முத்திரையின் தையலை விரலால் படித்து, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். சேகரைத் துணைக்கு அனுப்புகிறேன் என்று நான் ஆரம்பித்தேன். "தொண்டருக்கு ஒரு தொண்டரா?" என்று கேட்டாள். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "விடு, போவட்டும்," என்றார்.

4

அன்று காலை சேகர் அவளைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தான். நான் கோயில் மடப்பள்ளிக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே உட்கார்ந்து உரித்தேன். தெருமுனைக் குழாய் காலையிலிருந்து ஓயவில்லை. பம்பை சத்தம், பக்திப் பாட்டு, நடுநடுவே மைக் செட்டுக்காரர் நசீர் பாயின் குரல். பச்சைச் சட்டை போட்ட மூன்று வயதுப் பையன், பெயர் ரவி. சிவப்புப் பாவாடைக் குழந்தை, பெயர் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து, நம்முடையது இல்லை என்று மறுபடி குனிவேன். நம்முடையது அங்கேதான் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

சாப்பாட்டு வேளை தாண்டியது. அப்போதுதான் வந்தது.

"கண் தெரியாத ஒரு பொண்ணு. வயசு பத்தொம்பது. பேரு வசந்தா. ஊதா தாவணி. தனியா இருக்குது. சொந்தக்காரங்க எங்க இருந்தாலும் உடனே வந்து கூட்டிட்டுப் போவணும்."

கத்தியை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஓடினேன். கோயிலுக்கு எங்கள் தெருவிலிருந்து இரண்டு திருப்பம். இரண்டாவது திருப்பத்தில் செருப்பு வார் அறுந்தது. அதை உதறிவிட்டு ஓடினேன். சேற்றில் வழுக்கி ஒரு கையை ஊன்றினேன். என்னைத் தெரிந்தவர்கள் வழிவிட்டார்கள். "டீச்சரம்மா பொண்ணுதான்," "அதை ஏன் தனியா விட்டாங்க," என்பவை காதில் விழுந்தன. தனியாக இருக்கிறது என்றால் கொட்டகையில் இல்லை. கொட்டகையில் இல்லை என்றால் எங்கே? ஏரி அத்தனை பக்கம். அந்த இரண்டு திருப்பங்களில் நான் நினைத்ததை எல்லாம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. இன்னும் சில இரவுகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழித்துக்கொள்கிறேன்.

5

அவள் கொட்டகையில்தான் இருந்தாள். காலையில் சேகர் உட்கார வைத்த அதே பாயில், அதே மூலையில். மடியில் சிவப்புப் பாவாடைக் குழந்தை.

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காலையில் இருந்த தொண்டர்கள் எங்கள் தெருக்காரர்கள். பகலில் முறை மாறியது. பிரேசர் டவுனிலிருந்து உதவிக்கு வந்த கல்லூரி மாணவர்கள் பொறுப்பெடுத்தார்கள். அவர்களுக்கு வசந்தாவைத் தெரியாது. அதற்குச் சற்று முன்தான் தூறல் வலுத்திருந்தது. கீற்று ஒழுகியது. சிவப்புப் பாவாடைக் குழந்தை அழுது அழுது தும்ம ஆரம்பித்திருந்தது. வசந்தா தன் தோளிலிருந்த மஞ்சள் துண்டை எடுத்து அதன் தலையில் கட்டிவிட்டாள். ஆகவே வந்தவர்கள் பார்த்தது இதுதான்: காணாமல் போன குழந்தைகள் நடுவே, துண்டு இல்லாமல், கண் தெரியாத ஒரு பெண்.

ஒருவர் அவளருகில் குனிந்து, பெயர் என்ன, வயது என்ன, எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருக்கிறார். தொண்டர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பெயர் எடுக்கிறார்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் இவள் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். "எனக்குக் கருவாட்டுக் குழம்பு வேணாம், மொச்சக்கொட்டை போதும்," என்றும் சொன்னாளாம். அவர், "சரிங்க, சரிங்க," என்றிருக்கிறார். அடுத்த நிமிஷம் தலைக்கு மேலிருந்த குழாயில் அவள் சொந்தக்காரர்களைத் தேடி அறிவிப்பு வந்தது.

நான் சேற்றுக் கையோடு உள்ளே நுழையப் போனேன். அந்த மாணவர் வாசலில் கையை நீட்டித் தடுத்தார். யாராக இருந்தாலும் அடையாளம் சொல்லாமல் ஆளை ஒப்படைப்பதில்லை என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. அதைச் சரியாகவே கடைப்பிடித்தார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? அடையாளம் சொல்லுங்கம்மா."

எனக்கு மூச்சு வாங்கியது. அதற்குள் துரைசாமி கூழ்க் கரண்டியோடு ஓடிவந்தார். அவரும் அறிவிப்பைக் கேட்டுப் பயந்திருந்தார். "அவங்க அம்மாதாம்பா, விடு," என்றவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

நான் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட வேண்டும். உடம்பு முழுக்க அது ஒன்றுதான் இருந்தது.

"அம்மா," என்றாள் வசந்தா. அவள் எழுந்திருக்கவில்லை. குரலில் காலையில் இருந்த துடுக்கு இல்லை. "நீ இப்ப என்னைக் கூட்டிட்டுப் போனா, நான் காணாமப் போனவதான்னு ஆயிடும். அப்புறம் சாவற வரைக்கும் பொடவதான் குடுப்பாங்க."

அவள் மடியில் இருந்த குழந்தை எங்கள் எல்லோரையும் பார்த்து மறுபடி வாயைக் கோணியது. "அளபேடா, அளபேடா, கந்தா," என்று அதன் முதுகைத் தட்டினாள் வசந்தா. அழாதே, கண்ணே என்று. காலையிலிருந்து அந்தக் குழந்தையிடம் தமிழில் பெயர் கேட்டுப் பார்த்து எல்லோரும் ஓய்ந்திருந்தார்கள். அது கன்னடக் குழந்தை. என் மகளின் கன்னடத்தைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மாணவர் இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். எத்தனையோ அலுவலகங்களில் என் மகளுக்கு நான் அடையாளம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் அதே ஒரு சொல்தான். அது நாக்கு நுனிவரை வந்தது.

"அடையாளம் மஞ்சள் துண்டு," என்றேன். "அதோ, அந்தக் கொழந்த தலையில இருக்கு பாருங்க. அவ தொலஞ்சு போகலப்பா. அவ உங்க தொண்டர்."

அவர் திரும்பிப் பார்த்தார். துண்டின் மூலையில் சங்க முத்திரையைக் கண்டார். முகம் சிவந்துவிட்டது. "ஸாரிங்க," என்றார். என்னிடம் அல்ல, அவளிடம். துரைசாமி கரண்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம்," என்றாள் வசந்தா. "ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி சொன்னீங்க இல்ல? அதே மாதிரி இல்லேன்னும் சொல்லணும்."

நசீர் பாய்க்கு முதலில் புரியவில்லை. "என்னா பாப்பா, கெடச்சவங்கள கெடச்சாங்கன்னு சொல்லுவேன். தொலையாதவங்கள எப்படிச் சொல்றது?" என்று தாடியைச் சொறிந்தார். பிறகு மைக்கை என் பக்கம் நீட்டினார். "டீச்சர், நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லிடுங்க."

வகுப்பறைக்கு வெளியே நான் உரக்கப் பேசியதில்லை. மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அதில் சேறு ஒட்டியது. "சற்று முன் காணாமல் போனவர் என்று அறிவிக்கப்பட்ட வசந்தா காணாமல் போகவில்லை. அவர் சங்கத்தின் தொண்டர். குழந்தைகளைத் தேடுகிறவர்கள் கொட்டகைக்கு வந்து அவரிடம் கேட்கவும்." என் குரல் இரண்டு தெரு தள்ளிப் போய் முட்டித் திரும்பி வந்தது எனக்கே கேட்டது. தொழிற்சாலை முறை முடிந்து வந்துகொண்டிருந்த என் கணவர் ஏரிக்கரையில் இதைக் கேட்டுவிட்டு, நமக்கு எதுவும் தெரியாமல் என்னவோ நடந்து முடிந்துவிட்டது என்று அங்கேயே சைக்கிளை நிறுத்திவிட்டாராம்.

பிறகு வசந்தா மைக்கை வாங்கி, அதுவரை தமிழில் மட்டுமே அறிவித்திருந்த சிவப்புப் பாவாடைக் குழந்தையைப் பற்றிக் கன்னடத்தில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பூ விற்கும் ஒரு பெண் கூடையோடு ஓடிவந்தாள். அழுதபடி குழந்தையைப் பிடுங்கப் பார்த்தாள். வசந்தா குழந்தையைத் தராமல், அடையாளம் சொல்லச் சொன்னாள். ஒரு காலில் மட்டும் கொலுசு, மற்றது போன வாரம் விழுந்துவிட்டது என்றாள் அந்தத் தாய். வசந்தா குழந்தையின் இரண்டு கால்களையும் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் கொடுத்தாள். அந்தப் பெண் மல்லிகையை முழம் போடாமல் அள்ளி அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அவள் "ஐயோ பாவம்" சொல்லவில்லை. சொல்ல நேரமும் இருந்திருக்காது.

மஞ்சள் துண்டு குழந்தையின் தலையோடு போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

6

நான் வீட்டுக்குப் போகவில்லை. போ போ என்று அவள் சொல்லியும் கொட்டகைக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். காலில் செருப்பு இல்லை, அதனால்தான் என்றேன். பாதி உண்மை.

விளக்கு ஏற்றும் முன் மேடையில் புடவை கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயராக வந்தது. அந்தக் குழப்பத்தில் பட்டியலை யாரும் திருத்தவில்லை போலிருக்கிறது. "செல்வி வசந்தா" என்று கூப்பிட்டார்கள். ஒரு முறை. இரண்டாம் முறை. பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன். கூட்டமும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தது.

கொட்டகைக்குள் அப்போது இரண்டு குழந்தைகள் ஒரு பலூனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டிருந்த வசந்தா தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

"டூட்டியில இருக்கேன்னு சொல்லும்மா."

நான் மேடை வரைக்கும் போய் அதைச் சொன்னேன். துரைசாமி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. என் உள்ளங்கையில் மட்டும் சிராய்ப்பு. செய்தி காதில் விழுந்து ஊரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதங்களில், எதற்கு அந்த விஷப்பரீட்சை, வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். கேட்பது சரிதான். நானும் அதைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். என் பயம் குறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். நாளை மறுபடி பெருங்கூட்டம், மறுபடி தூறல், மறுபடி அந்தக் குழாய். நாளை நான் வெங்காயம் உரிக்கப்போவது கோயில் வாசலிலேயே. அதற்கு மட்டும் அவள் சம்மதித்தாள்.

போன வாரம் துரைசாமி வந்தார். பெயர் எழுத அல்ல. மஞ்சள் துண்டு கொடுக்க. வசந்தா அதை வாங்கி மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னொன்று வேண்டும் என்றாள். ஆளுக்கு ஒன்றுதானம்மா என்றார் அவர்.

"இது எனக்கு," என்றாள். "மழை வந்தா?"

அவர் சைக்கிளில் மாட்டியிருந்த பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டும் இப்போது மடித்து, அவள் தலையணைக்கு அடியில் இருக்கின்றன.